'ஒப்புக்கொண்டான்' என்னும் சொல்

நமது கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் ஆங்கிலச் சொற்களைப்பற்றி ஒரு கட்டுரை எழுதப் புகுந்தமைக்கு வாசகர்கள் நம்மைப் பொறுத்தருளவேண்டும். ஆங்கிலப் பகுதிக்கே இதனை அனுப்பியிருக்கலாமே என்று பத்திராதிபரும் வினவினார். அனுப்பியிருக்கலாம். ஆயின், நாம் சொல்லவந்த செய்தி ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்திற் பெயர்த்தபோது நேர்ந்த பிழையைப்பற்றியது. அப்பிழையின் தன்மையைத் தமிழறிந்தாரே முற்றும் உணரக்கூடும். அன்றியும், அப்பிழையால் இடர்ப்பட்ட நண்பர் இச்சஞ்சிகை கைக்கு வந்தவுடன் தமிழ்ப் பகுதியையே முதலிற் புரட்டும் வழக்கமுடையவர்.

சிறு பிராயத்தில் ஆங்கிலச் சொற்கள் நமக்குக் கற்பிக்கப்பட்ட முறையை முதற்கண் கூறவேண்டும். உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். அதற்கு நேரே கணக்கில் வரும் சமக்குறியைப் போட்டு இரண்டு மூன்று சொற்களை வரிசையாக எழுதுவார். 'பிக்' என்றாலும் 'லார்ஜ்' என்றாலும் 'கிரேட்' என்றாலும் பெரியது, அவ்வளவே. ஒரு ரூபாய்க்கு நான்கு கால் ரூபாய் என்பதுபோல, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பினோம். பரீட்சையிலும் அந்நம்பிக்கைக்கு மதிப்பெண் கிடைத்தது. ஒருவரை 'பிக் மேன்' என்றால் பெரும்பாலும் அவருடைய உடம்பையும், 'கிரேட் மேன்' என்றால் அவருடைய பெருமையையும் குறிக்கும் என்பது, பிற்காலத்தில் ஒரு பிரியாவிடை உபசாரப் பத்திரத்தை நாம் வாசித்தபோது சபையோர் சிரித்த சிரிப்பினால் தெரியவந்தது. அது சிரிப்போடு போயிற்று. இங்கே சொல்லப்புகுந்தது அவ்வாறு போகவில்லை.

கலாசாலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பழைய புத்தகக் கடை ஒன்றில், ரோஜே என்பார் தொகுத்த 'தெஸாரஸ்' என்னும் நூலின் மட்டமான பிரதி ஒன்று நமக்குக் கிடைத்தது. பீட்டர் மார்க் ரோஜே இங்கிலாந்து தேசத்து வைத்தியர். 1779 இற் பிறந்து 1869 வரை வாழ்ந்தவர். தமது சொந்த உபயோகத்திற்காக 1805 ஆம் ஆண்டிலேயே சொற்களை வகைப்படுத்தி எழுதிவைத்துக்கொண்டு, முதுமையில் அதனை விரித்து 1852 இல் வெளியிட்டார். நம் முன்னோர் நிகண்டு செய்த முறைக்கு அது மிகவும் நெருங்கியது. அகர வரிசையில் அல்லாமல், கருத்துக்களை ஆயிரம் தலைப்புக்களாகப் பிரித்து, ஒவ்வொரு தலைப்பின்கீழும் அக்கருத்துக்கு உறவான சொற்களையெல்லாம் திரட்டி வைத்திருக்கிறார். ஒரு சொல்லைத் தேடிப் போனால் நாற்பது சொற்கள் எதிர்கொண்டு அழைக்கும். அந்நாற்பதுக்குள்ளும் என்ன வேற்றுமை என்று அவர் சொல்லுவதில்லை. சொல்லுவது தம் நோக்கமன்று, அது வேறொரு விசாரணை, என்று முகவுரையிலேயே தெளிவாகக் கூறியிருக்கிறார். நாம் முகவுரையைப் படிக்கவில்லை. அவ்வயதில் எவர்தாம் முகவுரை படிக்கின்றனர்?

அது முதல் நமது ஆங்கிலத்திற்கு ஒரு செருக்கு உண்டாயிற்று. எளிய சொல் ஒன்று நாவில் வந்தால் அதனை அப்படியே எழுதுவது இழுக்கென்று கருதி, ரோஜேயிடம் கொண்டுபோய், அதனினும் கனமான ஒன்றை மாற்றிக்கொண்டு வருவோம். இக்காலத்து மாணவர்கள் கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டியதும் இருபது சொற்கள் நிரையாக வந்து நிற்பதைக் காணும்போதெல்லாம் அந்த மட்டமான பிரதி நம் நினைவுக்கு வருகின்றது.

மூன்றாம் ஆண்டில் நாம் மாணவர் விடுதியின் காரியதரிசியாயிருந்தோம். மார்கழி மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை புத்தகசாலையில், வெளியே கொடுக்கப்படாத வரிசையைச் சேர்ந்த ஒரு பௌதிக நூல் காணப்படவில்லை. அதனை யார் கடைசியாக வைத்திருந்தார் என்பது பணியாளருக்கு நினைவிருந்தது. மறுநாள் மாலை விசாரித்து எழுதும்படி விடுதித் தலைவர் நமக்கு உத்தரவிட்டார். நாம் நண்பரின் அறைக்குச் சென்று கேட்டோம். அவர் எழுந்து நின்று, "ஆம், நான்தான் எடுத்தேன். மணி அடித்த அவசரத்தில் என் புத்தகங்களோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அறைக்கு வந்த பிறகே தெரிந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளை காலையில் கொடுத்துவிடலாமென்றிருந்தேன்" என்று கூறிப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். புத்தகம் ஒரு வேட்டியிற் சுற்றப்பட்டிருந்தது. நம் மனத்தில் எழுந்த வாக்கியம் இது: 'கேட்டேன், ஒப்புக்கொண்டான், பெட்டியில் வைத்திருந்தான்.' அவ்வாக்கியத்தில் யாதொரு பழுதும் இல்லை. தமிழில் எழுதியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும்.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்படவேண்டுமென்பது வழக்கம். 'ஒப்புக்கொண்டான்' என்பதற்கு 'அட்மிட்' என்னும் சொல் முதலில் வந்தது. அது சிறிய சொல்லாகத் தோன்றியமையால் ரோஜேயைத் திறந்தோம். அருகிலேயே 'கன்பெஸ்' இருந்தது. ஞாயிறுதோறும் ஆலயத்திற் கேட்டுப் பழகிய சொல், கம்பீரமான சொல். அதனையே எழுதினோம். எடுத்தான் என்பதற்கு 'டேக்' போதாதென்று 'ரிமூவ்' என்றும், வைத்திருந்தான் என்பதற்கு 'கீப்' போதாதென்று 'கன்சீல்' என்றும் எழுதினோம். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அது ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப்போல் ஒலித்தது. மிகவும் மகிழ்ந்தோம்.

அறிக்கை ஒரு கமிட்டிக்குச் சென்றது. கமிட்டியார் நண்பரை அழைத்து, காரியதரிசியிடம் கன்பெஸ் செய்தது மெய்தானா என்று ஆங்கிலத்திற் கேட்டனர். தமிழ் வழியே படித்துக் கலாசாலைக்கு வந்தவர் அவர். மெய் என்றார். அவர் அகராதியிலும் அச்சொல்லுக்கு ஒப்புக்கொள்ளுதல் என்றே பொருள் இருந்தது. ஒரு பருவத்திற்கு அவருடைய உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. விடுதிக் கட்டணத்திற்காக அவருடைய தமக்கையார் தம் காதிலிருந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணம் அனுப்பினார் என்பது நமக்கு அப்போது தெரியாது. கமிட்டியார்மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. தங்கள்முன் இருந்த ஆங்கிலத்தை அவர்கள் சரியாகவே படித்தனர்.

சில வாரங்கள் கழித்து, நமது ஆங்கிலத் திறமையைக் காட்டும் பொருட்டு (வேறு காரணம் சொல்வதற்கில்லை) அவ்வறிக்கையின் நகலை நம் ஆங்கிலப் பேராசிரியரிடம் கொடுத்தோம். அவர் இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தம்பி, அவன் தானாக உம்மிடம் வந்து சொன்னானா, நீர் போய்க் கேட்டபின் சொன்னானா?" என்றார். கேட்டபின் என்றோம். "தான் செய்தது குற்றமென்று சொன்னானா, நடந்தது இன்னதென்று சொன்னானா?" நடந்ததைச் சொன்னான் என்றோம். "பெட்டிக்குள் ஏன் வைத்தான்?" அது நமக்குத் தெரியவில்லை, நாம் கேட்கவேயில்லை. அன்று மாலையே கேட்டோம். சனிக்கிழமை இரவு மழை. அவர் அறையின் ஓட்டுக்கூரை ஒழுகும். புத்தகம் நனையாதிருக்கும்பொருட்டு வேட்டியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாராம். அந்த வேட்டியை நாம் கண்ணாற் கண்டிருந்தும், 'கன்சீல்' என்று எழுதியிருந்தோம்.

பேராசிரியர் அன்றும் அதற்கடுத்த சில மாலைகளிலும் சொன்னவற்றை நம் சொந்தக் கருத்துக்களோடு கலந்து இங்கே தருகின்றோம். எது அவருடையது எது நம்முடையது என்று பிரிக்க இப்போது இயலவில்லை.

'அட்மிட்' என்னும் சொல் லத்தீன் பாஷையில் உள்ளே விடுதல் என்னும் பொருளது. கலாசாலையில் அட்மிஷன் கிடைத்ததா என்று கேட்கிறோமே, அது அப்பொருளே. கதவு சாத்தியிருக்கிறது, வெளியே ஓர் உண்மை நின்று தட்டுகிறது, உள்ளிருப்பவன் விரும்பியோ விரும்பாமலோ திறந்து அதனை உள்ளே விடுகிறான். ஆகவே அட்மிட் செய்வதற்கு முன்னர்ப் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும். விடுகின்ற உண்மை குற்றமாயிருக்கவேண்டுமென்பதில்லை. ஒரு தவறாயிருக்கலாம், வெறும் செய்தியாகவும் இருக்கலாம். 'கன்பெஸ்' என்பதோ இதற்கு நேர்மாறாக உள்ளிருந்து வெளியே வருவது. முழுவதும் வெளிப்படச் சொல்லுதல் என்பது அதன் லத்தீன் மூலத்தின் கருத்து. சொல்லுகின்றவன் நெஞ்சில் ஒன்று கிடந்து உறுத்துகிறது. அது தன் குற்றமென்று அவனுக்குத் தெரியும். அதனைத் தானே வாய்திறந்து கொட்டுகிறான். முன்னதில் கதவைத் தட்டுகிறவன் பிறன். பின்னதில் உள்ளே அடைபட்டுக் கிடந்தவனே தட்டுகிறான்.

ஐயம் வந்தால் சொல்லை விட்டு அதன் பகையைக் கேள் என்பார் அவர். 'அட்மிட்' என்பதற்குப் பகை 'டினை', அஃதாவது இல்லையென்று மறுத்தல். 'கன்பெஸ்' என்பதற்குப் பகை 'கன்சீல்', அஃதாவது மறைத்தல். ஒரே சொல்லாயிருந்தால் பகையும் ஒன்றாகவன்றோ இருக்கவேண்டும்? இதனைக் கேட்டபோதுதான் நம் அறிக்கையின் உட்கொடுமை நமக்கு விளங்கியது. 'கன்பெஸ்' என்று எழுதிய பேனா, அடுத்த வரியில் 'கன்சீல்' என்பதைத் தானாகவே தேடிப் போயிருக்கிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டும் சேர்ந்து ஒரு கள்வனை உண்டாக்கிவிட்டன. மழைக்குப் பயந்து புத்தகத்தைப் போர்த்து வைத்த ஒருவன் அதனுள் எங்கும் இல்லை.

இவ்விரு சொல்லுக்கும் உள்ள வேற்றுமை வெறும் நயமன்று. ஓர் உயிரின் போக்கே அதன்மேல் நிற்கக்கூடும். நம் தேசத்தில் 1872 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சாட்சியச் சட்டம் 'அட்மிஷன்' என்பதற்கு இலக்கணம் கூறி, 'கன்பெஷன்' என்பதற்குத் தனியே விதிகள் வகுத்தது. போலீஸ் அதிகாரியிடம் செய்யப்பட்ட கன்பெஷனைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அச்சட்டத்தின் இடத்திற்குப் புதியதொரு சட்டம் வந்துள்ளது. அதிலும் இவ்வேற்றுமை காக்கப்பட்டிருக்கிறது. பழைய சட்டம் 'கன்பெஷன்' என்பதற்கு இலக்கணம் சொல்லாமல் விட்ட குறையை 1939 இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்து வைத்தது. 1937 இல் பூரி ரயில் நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் ஒருவர் சடலம் கண்டெடுக்கப்பட்ட கொலை வழக்கு அது. இறந்தவர் தம் வீட்டுக்கு வந்து தங்கிப் பின்பு ரயிலேறிப் போனார் என்று பகாலா நாராயணசாமி என்பவர் போலீசாரிடம் சொல்லியிருந்தார். அது கன்பெஷன் ஆகுமா? ஆகாது என்றார் அட்கின் பிரபு. குற்றத்தையே ஒப்பவேண்டும், அல்லது குற்றத்தை ஆக்குகின்ற செய்திகளை ஏறக்குறைய முழுவதும் ஒப்பவேண்டும். சந்தேகத்தை எவ்வளவு வளர்க்கக்கூடிய செய்தியாயினும் ஒரு செய்தியை மட்டும் ஒப்புவது கன்பெஷன் ஆகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். கொலைக்குக் கருவியான கத்தி என்னுடையது என்று ஒருவன் சொன்னாலும் அது அட்மிஷனேயன்றி வேறில்லையாம். வேறு சாட்சியங்களைக்கொண்டு தண்டனை நிலைபெற்றது என்பது தனிச்செய்தி. புத்தகம் என் பெட்டியில் இருக்கிறது என்று சொன்ன நம் நண்பருக்கு அட்கின் பிரபு நீதிபதியாயிருந்திருக்கலாகாதா என்று இவ்வழக்கைப் படித்தபோது ஏங்கினோம்.

தமிழில் இவ்வேற்றுமை இல்லையோ என்று மாணவர் ஒருவர் ஐயுறலாம். உண்டு, கிறிஸ்தவ ஆலயத்திலும் உண்டு, நீதிமன்றத்திலும் உண்டு. 'பாவ அறிக்கை' என்கிறோம். பத்திரிகைகள் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்கின்றன. 'அறிக்கை' என்னும் சொல்லின் அழகை நாம் வெகுநாள் கவனிக்கவில்லை. 'விசுவாச அறிக்கை' என்பதிலும் அதுவே வருகிறது. ஆங்கிலமும் அவ்வாறே: பாவத்தைச் சொல்லுவதும் கன்பெஷன், 1530 இல் ஜெர்மனி தேசத்து ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் சபையார் தம் விசுவாசத்தை எழுதிக் கொடுத்ததும் கன்பெஷன். நெஞ்சினுள் இருப்பதைத் தானே வெளிப்படச் சொல்லுதல் என்னும் பொதுத்தன்மையால் பாவமும் விசுவாசமும் ஒரு சொல்லின்கீழ் வந்து நிற்கின்றன. நாம் விடுதித் தலைவருக்கு எழுதியதற்கும் அறிக்கை என்றே பெயர். இக்கட்டுரை எவ்வகை அறிக்கையென்பதை வாசகர் தாமே கண்டுகொள்வர்.

இங்கிலாந்து அரசருள் எட்வர்டு என்பவருக்குக் 'கன்பெஸர்' என்னும் பட்டம் உண்டு. அவர் யாரிடமும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அல்லர்; விசுவாசத்தை வாழ்வில் வெளிப்படுத்தியவர் என்பது கருத்து. அவர் மரித்த 1066 ஆம் ஆண்டிலேயே, நார்மண்டி நாட்டு வில்லியம் கடல் கடந்து வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று, ஆங்கில நாட்டையும் ஆங்கில பாஷையையும் ஒருசேர மாற்றினான். ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொல் மலிந்தமைக்கு அவ்வாண்டே பெருங்காரணம். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம். மேய்ப்பவன் வாயில் 'ஷீப்' ஆயிருந்த ஆடு உண்பவன் இலையில் 'மட்டன்' ஆயிற்று. இதனை வால்டர் ஸ்காட் தமது 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு கோமாளியின் வாயில் வைத்துப் பலரறியச் செய்தார். பின்னர்க் கல்வி மறுமலர்ச்சிக் காலத்தில் புலவர்கள் லத்தீனிலிருந்து நேரே சொற்களை வாரிக் கொணர்ந்தனர். ஆகவே 'ஆஸ்க்' என்பது நாட்டுச் சொல், 'குவெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெராகேட்' லத்தீன். மூன்றும் வினவுதலே, எனினும் குழந்தை தாயை 'ஆஸ்க்' செய்கிறது, போலீசார் கைதியை 'இன்டெராகேட்' செய்கின்றனர். இடம் மாற்றிப் பாருங்கள்; தாய் நடுங்கிவிடுவாள்.

சில இடங்களில் நாட்டுச் சொல்லும் வந்த சொல்லும் இரட்டையாகவே நடந்தன. உயில் எழுதுவோர் 'வில்' என்றும் 'டெஸ்டமெண்ட்' என்றும் சேர்த்து எழுதினர். 1662 ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில், காலை ஆராதனைக்குரிய அழைப்புரையில், 'அக்னாலெட்ஜ்' என்பதும் 'கன்பெஸ்' என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றே போதுமே என்று நாம் கேட்டதற்கு, "பதிவுத் தபாலில் ஒரு அக்னாலெட்ஜ்மெண்ட் அட்டை வந்ததே, அதில் கையெழுத்திட்டீரே, எந்தப் பாவத்தை அறிக்கையிட்டீர்?" என்று பேராசிரியர் திருப்பிக் கேட்டார். இது என்னுடையது, எனக்கு வந்து சேர்ந்தது, என்று அறிவிப்பதோடு 'அக்னாலெட்ஜ்' நின்றுவிடும். அதன்மேல் நெஞ்சு உடைந்து சொல்ல வேறொரு சொல் வேண்டியிருக்கிறது.

தாய்மொழியில் இவையெல்லாம் நமக்கு யாரும் கற்பித்துத் தெரிவதில்லை. அயல் வீட்டுப் பெரியவர் இறந்தால் 'காலமானார்' என்கிறோம். மாடு 'செத்துப்போயிற்று' என்கிறோம். போரில் 'மாண்டனர்' என்கிறோம். திருச்சபையார் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பர். பொருள் ஒன்றுதான் என்று சொல்லி, துக்கம் கேட்கப்போன வீட்டில் ஒன்றற்குப் பதில் மற்றொன்றை வழங்கிப் பார்க்க எவனும் துணியான். அரும்பு, முகை, மலர், செம்மல் என்று ஒரு பூவின் பருவங்களுக்கு வேறு வேறு பெயர் வைத்த பாஷை நம்முடையது. ஆங்கிலேயர் நெல்லையும் அரிசியையும் சோற்றையும் 'ரைஸ்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டு எவ்வாறு விருந்து நடத்துகின்றனர் என்று நாம் வியப்பதுண்டு. அவர்களுடைய 'வீ' என்னும் சொல்லும் அத்தகையதே. கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேறு, அவனை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' வேறு என்பது அதில் தெரியாது. நம்முடைய 'படி' என்னும் சொல்லைக் கண்டு அவர்கள் நம்மை அவ்வாறே கேட்கலாம்: 'ரீட்' ஆ, 'ஸ்டடி' ஆ, 'லேர்ன்' ஆ? இராமுழுதும் ஸ்டடி செய்து ஒன்றும் லேர்ன் செய்யாத மாணவர்களை நாம் அறிவோம். நாமே அவருள் ஒருவராயிருந்தோம்.

சொற்களின் வேற்றுமையை ஆராய்ந்தோர் பலர். பிரெஞ்சு தேசத்தில் ஜிரார் என்னும் பாதிரியார் 1718 இல் வழிகாட்டினார். ஆங்கிலத்தில் டாக்டர் ஜான்சனின் தோழியாகிய பியோஸ்ஸி அம்மையார் 1794 இலும், ஜார்ஜ் கிராப் 1816 இலும் நூல் செய்தனர். கிராபின் நூலை நாம் முழுவதும் படித்தோம் என்று பொய் சொல்லமாட்டோம். நமக்குப் பயன்பட்டது பியோஸ்ஸி அம்மையார் நூலைப்பற்றிப் பேராசிரியர் சொன்ன ஒரு குறிப்பே: அவர் அகராதி வகுக்கவில்லை, ஒரு கூடத்தில் நாலுபேர் உரையாடும்போது எச்சொல் எங்கே தவறாகும் என்பதை நோக்கி எழுதினார் என்பது. சொல்லை மட்டும் பார்த்தால் வேற்றுமை தோன்றாது; யார், யாரை நோக்கி, எந்நிலையில் நின்று சொல்லுகிறார் என்று பார்த்தால் தோன்றிவிடும். 'பிட்டி', 'சிம்பதி', 'கம்பாஷன்' மூன்றும் இரக்கமே. 'சிம்பதி' கிரேக்கம், 'கம்பாஷன்' லத்தீன். பிரித்துப் பார்த்தால் இரண்டும் உடன் துன்புறுதல் என்னும் ஒரே பொருள் தருவன. 'பிட்டி' மட்டும் சற்று உயரத்தில் நின்று குனிந்து பார்க்கிறது. இடருற்றவனிடம் அச்சொல்லை நேரே சொன்னால் அவன் முகம் சுளிப்பான். பரிதாபத்திற்குரியவன் என்று நம்மை யாரேனும் சொன்னால் நாம் சுளிப்பதில்லையா?

கதையை முடிக்கவேண்டும். நாம் கமிட்டியாருக்கு இரண்டாவது கடிதம் எழுதினோம். 'அட்மிட்', 'டேக்', 'கீப்' என்னும் மூன்று சிறிய சொற்களை அதில் இட்டு, மழையையும் வேட்டியையும் சேர்த்து எழுதி, முதற் கடிதத்தின் சொற்கள் நம் அறியாமையால் வந்தவை என்றும் எழுதினோம். கமிட்டியார் ஏற்றுக்கொண்டு அடுத்த பருவம் முதல் உபகாரச் சம்பளத்தைத் திரும்ப அளித்தனர். கழிந்த பருவத்தின் கணக்கு முடிந்துவிட்டமையால் அத்தொகை கிடைக்கவில்லை.

நண்பரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. தம் ஆங்கிலத் தமிழ் அகராதியை எடுத்து 'அட்மிட்' என்னும் பக்கத்தையும் 'கன்பெஸ்' என்னும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இரண்டிலும் ஒப்புக்கொள் என்றுதானே போட்டிருக்கிறது? உன் பேரில் என்ன தப்பு?" என்றார். அவர் அகராதியை நம்பினார். நாம் அதனுள் ஒளிந்துகொள்ள இடமிருந்தும் அன்று முடியவில்லை.

அவர் பிற்காலத்தில் தம் ஊருக்கருகே ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராகி ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டுப் பழைய மாணவர் தினத்தில் இருவரும் பழைய விடுதியைப் பார்க்கப் போனோம். அவர் அறையிருந்த பக்கத்தில் ஓடு போய்த் தளம் வந்திருக்கிறது. அங்கே நின்றுகொண்டு, வகுப்பில் பிள்ளைகள் கேட்டுத் தாம் சரியாகச் சொல்லமுடியாமற்போன ஒன்றைச் சொன்னார்: 'எக்ஸ்க்யூஸ்', 'பார்டன்', 'பர்கிவ்' மூன்றுக்கும் என்ன வேற்றுமை? நமக்குப் பழைய செருக்கு சற்றே தலைதூக்கிற்று. சிறு பிழையைப் பொருட்படுத்தாது விடுவது முதலாவது. அதிகாரமுடையவர் தண்டனையை நீக்குவது இரண்டாவது, அதனாலேதான் அரசரும் ஜனாதிபதியும் அளிப்பது 'பார்டன்'. நெஞ்சிலிருந்த மனத்தாங்கலையே எடுத்தெறிவது மூன்றாவது, அதைச் செய்யத் துன்புற்றவரையன்றி வேறெவர்க்கும் உரிமையில்லை, என்று விரித்துச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கமிட்டி தன் பங்கைச் செய்துவிட்டது. என் பங்கும் அன்றைக்கே முடிந்தது. அக்காள் தோட்டுக்கு மட்டும் நீ அவளிடந்தான் கேட்கவேண்டும்" என்றார்.

அப்போதுதான் தோட்டைப்பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். அது மீட்கப்படவேயில்லையாம். அவ்வம்மையாருக்கு இப்போது எண்பது வயது; ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. வருகின்ற தை மாதத்தில் அவர்களூருக்குச் செல்வதாக எழுதியிருக்கிறோம்.